வரும்பொருள் காட்டும் கலை

விழாமலர் என்பது பெரும்பாலும் பின்னோக்கிப் பார்க்கும் ஏடு. கல்லூரியைத் தொடக்கிய பெரியோர், அதனை வளர்த்த அதிபர்கள், அதன் வகுப்பறைகளிற் பயின்று பல திசைகளிலும் பரந்த மாணவர் ஆகியோரை நினைந்து நன்றி கூறுதலே அதன் முதற்பணி. அப்பணியை இம்மலரின் ஏனைய பக்கங்கள் செவ்வனே செய்யும் என நம்பி, நாம் ஈண்டு எதிர்த்திசையில் நோக்க எண்ணுகின்றோம். இன்று ஆறாம் வகுப்பிற் பயிலும் சிறுவன் ஒருவன் நரை கண்டு, பழைய மாணவனாக இக்கல்லூரி வாயிலில் மீண்டும் வந்து நிற்கும் நாளிற் கடலும் காற்றும் மழையும் எந்நிலையில் இருக்கும்? இவ்வினாவுக்கு விஞ்ஞானிகள் எண்களால் விடை தருகின்றனர். அவ்விடையை மக்களின் கண்ணுக்கும் கைக்கும் எட்டச்செய்யும் பொருட்டுக் கலைஞர் சிலர் தெருவிலும் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் கலைப்பொருள்களை நிறுவியுள்ளனர். அவற்றுட் சிலவற்றை எடுத்து, அவற்றால் விளைந்தது யாது, விளையாதது யாது, நாம் கற்கத்தக்கது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணும் நெஞ்சும்

முதற்கண் விஞ்ஞானிகள் கூறுவதைச் சுருக்கமாகக் காண்பாம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதனால் வளிமண்டலத்திற் காபனீரொட்சைட்டு மிகுகின்றது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர்ப் பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறக்குறைய 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. பூமியின் வெப்பம் விண்வெளிக்குச் செல்லுதலை அது தடுத்தலின் நிலமும் கடலும் சூடேறுகின்றன. சூடேறிய நீர் விரிவடைகின்றது. நிலத்தின் மேற் கிடக்கும் பனிக்கட்டி உருகிக் கடலிற் சேர்கின்றது. இவ்விரு காரணங்களாலும் 1901 ஆம் ஆண்டு முதல் 2018 ஆம் ஆண்டு வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. காலநிலை மாற்றத்தை ஆராய்தற்கென உலக அரசாங்கங்கள் அமைத்த அறிஞர் குழு 2021 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, வாயு வெளியீட்டை மிக விரைவாகக் குறைத்தால் 2100 ஆம் ஆண்டளவிற் கடல் 28 முதல் 55 சென்ரிமீற்றர் வரை உயரக்கூடும். குறையாது பெருகவிட்டால் 63 முதல் 101 சென்ரிமீற்றர் வரை உயரக்கூடும். 1995 முதல் 2014 வரையுள்ள கடல்மட்டத்தை அடியாகக் கொண்ட கணக்கு இது.

இவ்வெண்களைப் படித்தவுடன் நம் நெஞ்சில் நிகழ்வது யாது? உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் ஒன்றும் நிகழ்வதில்லை. ஓர் எண்ணுக்கு ஊர் இல்லை, வாசல் இல்லை, அது எந்த வீட்டுக் கிணற்றடியிலும் நிற்பதில்லை. ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் உயரும் கடலைக் கரையில் நின்று பார்ப்பவன் காணமாட்டான். அஞ்சவேண்டியது மெல்ல வரும்போது மனம் அதனைப் பிற்போட்டுவிடுகின்றது.

கடந்துபோன கடலை நாம் அறிவோம். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை நமக்குக் கூறிற்று. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையை நம்மவர் பலர் கண்ணாற் கண்டனர். அது கடலடி நிலநடுக்கத்தாற் பிறந்ததேயன்றிக் காலநிலையாற் பிறந்ததன்று. எனினும் கடல் ஓர் ஊருக்குள் எவ்வளவு தூரம் வரக்கூடும் என்பதை அது காட்டிற்று. முன்னதைப் புலவர் காட்டினார். பின்னதைக் கடலே காட்டிற்று. இனி வரவிருக்கும் கடலைக் காட்டுவார் யார் என்பதே வினா. நாம் ஆராய எடுத்துக்கொண்ட கலைஞர் இவ்விடத்தில் வருகின்றனர். இவர்களின் கலை ஓவியச் சட்டத்துக்குள்ளோ மண்டபத்துக்குள்ளோ அடங்குவதன்று. ஓரிடத்திற் பொருள்களை நிறுவி, அவ்விடத்தையே கலையின் ஒரு பகுதியாக்குவது. வழிப்போக்கரும் விலையின்றிக் காண்பது. இதனை நிறுவற்கலை எனலாம்.

நியூயோர்க் நகரின் சுண்ணக் கோடு

இக்கலைகளுள் நாம் முதலிடம் தருவது மிக எளிய ஒன்றுக்கு. 2007 ஆம் ஆண்டில் ஈவ் மோஷர் என்னும் பெண் கலைஞர் நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிலும் மன்ஹற்றனின் தென்பகுதியிலும் ஒரு நீலச் சுண்ணக் கோடு வரைந்தார். விளையாட்டுப் போட்டிக்கு முன்னாள் மைதானத்திற் கோடிடும் தள்ளுபொறியை நம் கல்லூரி மாணவர் யாவரும் அறிவர். அத்தகைய பொறியொன்றைத் தள்ளிக்கொண்டு அவர் மாதக்கணக்காக நடந்தார். கோடு சென்ற தூரம் ஏறத்தாழ 70 மைல். கடல்மட்டத்தினின்றும் 10 அடி உயரமுள்ள இடங்கள் எவையோ அவற்றையெல்லாம் அக்கோடு தொடுத்துச் சென்றது. புயற்காலத்திற் கடல் பொங்கினால் நீர் எட்டக்கூடும் என அறிஞர் கணித்த உயரம் அது. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் எனக் கருதப்பட்ட அத்தகைய வெள்ளம், கடல்மட்டம் உயர உயர அடிக்கடி வரலாகும் என்பதும் அவர்தம் கணிப்பு.

கோடு நடைபாதையிற் சென்றது, கடைவாயிலைக் கடந்தது, பூங்காவினுள் நுழைந்தது. சுண்ணம் இட முடியாத பூங்காக்களில் ஒளிவிளக்குகள் நிறுத்தப்பட்டன. காண்போர் இயல்பாகவே, “என்ன செய்கின்றீர்?” என வினவினர். அவர் நின்று விடை கூறினார். விளக்கத் தாள்களைக் கொடுத்தார். தம் வீட்டு வாயில் கோட்டின் எப்பக்கத்தில் உள்ளது என மக்கள் பார்த்தனர். 10 அடி என்னும் எண்ணுக்கு அன்றுதான் ஓர் ஊரும் வாசலும் கிடைத்தன. மழை பெய்தது, கோடு கரைந்தது, பலர் மறந்தனர்.

ஐந்து ஆண்டுகள் சென்றன. 2012 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29 ஆம் நாள் இரவு சாண்டி என்னும் சூறாவளி நியூயோர்க் நகரைத் தாக்கியது. கடல் பொங்கி நகரின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நூற்றுக்கு 17 பங்கை, அதாவது 51 சதுரமைலை, மூடிற்று. நகரில் 43 பேர் இறந்தனர். மோஷர் வரைந்த கோட்டை வெள்ளம் பல இடங்களில் எட்டிற்று. சில இடங்களிற் கடந்தது. மன்ஹற்றனின் தென்முனையிலுள்ள சவுத் பெரி நிலக்கீழ்ப் புகையிரத நிலையம் கூரைவரை உப்புநீரால் நிறைந்தது. அந்நிலையம் 2009 ஆம் ஆண்டிலேதான் புதிதாகத் திறக்கப்பட்டது. சுண்ணக் கோடு வரையப்பட்ட காலத்தில் அதன் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அழிவைச் செப்பனிட்டு அதனை மீளத் திறக்க 2017 ஆம் ஆண்டு வந்துவிட்டது.

இவ்வரலாற்றை நாம் விரித்துரைத்தமைக்குக் காரணம் உண்டு. கலைஞர் சோதிடம் கூறினார் என்பது நம் கருத்தன்று. அவர் வரைந்தது அறிஞர் முன்னரே தேசப்படத்திற் குறித்து வைத்திருந்த கோடு. படத்திலிருந்த கோட்டை அவர் பாதைக்கு இறக்கினார், அவ்வளவே. ஆயினும் படத்திலிருந்தபோது அதனைச் சிலரே கண்டனர். பாதையில் வந்தபோது பல்லாயிரவர் கண்டனர். கண்டும் நகரம் 2012 ஆம் ஆண்டிற் காப்பின்றியே நின்றது என்பதையும் நாம் மறத்தலாகாது. இதனைப் பின்னர் ஆராய்வாம்.

பனிக்கட்டியின் ஓசை

கோடு நீரின் உயரத்தைக் காட்டிற்று. அந்நீர் எங்கிருந்து வருகின்றது என்பதைக் காட்ட முயன்றது வேறொரு கலை. ஒலாபர் எலியாசன் என்பவர் ஐஸ்லாந்துக் குடிவழியினரான டென்மார்க்குக் கலைஞர். மினிக் றோசிங் என்பவர் கிறீன்லாந்திற் பிறந்த புவிச்சரிதவியற் பேராசிரியர். இவ்விருவரும் கூடி, கிறீன்லாந்தின் நூப் கங்கெர்லுவா என்னும் கடற்கழியில் மிதந்த பனிப்பாறைத் துண்டுகளைப் பிடித்து ஐரோப்பிய நகரங்களுக்குக் கொணர்ந்தனர். 2014 ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் கொப்பன்கேகன் நகர மண்டப வெளியில் 12 பெருந் துண்டுகள் வட்டமாக வைக்கப்பட்டன. 2015 ஆம் ஆண்டு டிசெம்பரில், உலக நாடுகள் காலநிலை மாநாடு கூடிய காலத்தில், பாரிஸ் நகரின் பந்தியன் மண்டபத்தின் முன் 12 துண்டுகள் மணிக்கூட்டின் இலக்கங்கள்போல வைக்கப்பட்டன. அவற்றின் நிறை 80 தொன். 2018 ஆம் ஆண்டு டிசெம்பரில் இலண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் 24 துண்டுகளும் நகரின் வணிகப் பகுதியில் 6 துண்டுகளும் வைக்கப்பட்டன.

மக்கள் அவற்றைத் தொட்டனர், தழுவினர், சிறுவர் நாவால் தீண்டினர், சிலர் காது வைத்துக் கேட்டனர். கேட்டற்கு ஒன்று இருந்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் விழுந்த பனி, தன்மேல் விழுந்த பனியின் பாரத்தால் அழுந்திக் கட்டியாகும்போது அக்காலத்துக் காற்றும் சிறுசிறு குமிழிகளாக உள்ளே அடைபடுகின்றது. கட்டி உருகும்போது அக்குமிழிகள் மெல்லிய ஓசையுடன் வெடிக்கின்றன. மனிதர் நிலக்கரியை எரிக்கத் தொடங்குமுன் இருந்த காற்று, பாரிஸ் நகரத் தெருவில் ஓசையிட்டு வெளிவந்தது. இத்தகைய குமிழிகளை ஆராய்ந்தே பண்டைக் காலத்து வளிமண்டலத்தின் இயல்பை விஞ்ஞானிகள் அறிகின்றனர். எனவே இக்கலைப்பொருள் விஞ்ஞானத்தின் சான்றாகவும் நின்றது.

மாணவர் ஈண்டு ஒரு நுட்பத்தை மனங்கொள்ளல் வேண்டும். நீர் நிறைந்த குவளையில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர் வழிவதில்லை. அது மிதக்கும்போதே தன் நிறைக்கு ஒத்த நீரை விலக்கியிருக்கின்றது. ஆதலின் கழியில் முன்னரே மிதந்த துண்டுகளை எடுத்ததனாலும் உருக்கியதனாலும் கடல்மட்டத்துக்கு மாற்றமில்லை. கடலை உயர்த்துவது நிலத்தின்மேல் இருந்து வந்து சேரும் பனிக்கட்டியே. கிறீன்லாந்து நிலத்தைப் போர்த்திருக்கும் பனிக்கட்டி முழுவதும் உருகுமாயின் உலகக் கடல் ஏறக்குறைய 7 மீற்றர் உயரும். அஃது ஒரு நூற்றாண்டில் நிகழ்வதன்று. ஆனால் எத்திசையில் அதனைச் செலுத்துவது என்பதை இந்நூற்றாண்டின் மக்களே முடிவு செய்கின்றனர்.

தீவின் ஒளிக்கோடு

மூன்றாவதாக நாம் காண்பது ஸ்கொத்லாந்தின் மேற்கேயுள்ள வெளி ஹெப்ரிடீஸ் தீவுக் கூட்டத்தில் இருந்தது. அங்கு நோர்த் யூஸ்ற் என்னும் தீவில் லொக்மாடி என்னும் துறை ஊர் இருக்கின்றது. அதன் கரையிலுள்ள நூதனசாலையிற் பின்லாந்துக் கலைஞரான பெக்கா நீற்றிவிர்த்தா, ரிமோ அஹோ ஆகிய இருவரும் 2018 ஆம் ஆண்டில் ஒளிக்கோடுகளை அமைத்தனர். கட்டடச் சுவர்களிலும் அதனைச் சூழ்ந்த வெளியிலும் வெண்ணிற ஒளி நேர்கோடாக ஓடுமாறு அவை பொருத்தப்பட்டன. கடற்பெருக்கு உச்சத்தை அடைந்தபோது உணர்கருவிகள் அதனை அறிந்து விளக்குகளை ஏற்றின. கரையில் நிற்கும் ஒருவன், இன்று தன் காலடியில் நிற்கும் கடல், வருங்காலத்திற் புயலோடு பொங்கினால் அச்சுவரில் எவ்வளவுக்கு ஏறும் என்பதை இருளில் ஒளியாகக் கண்டான்.

அவ்வூரார்க்கு இது வெறுங்காட்சியன்று. அவர்களின் நூதனசாலை இருக்கும் இடத்திலேயே அதனை விரிவாக்க இயலாத நிலை ஏற்பட்டிருந்தது; எதிர்பார்க்கப்படும் புயற்பெருக்கே அதற்குக் காரணம். அன்றியும், 2005 ஆம் ஆண்டு ஜனவரி 11 ஆம் நாள் வீசிய பெரும்புயலில், தெற்கேயுள்ள சவுத் யூஸ்ற் தீவில், வெள்ளத்துக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறிய ஒரே குடும்பத்தவர் ஐவர் கடலுக்கு இரையாயினர். அத்துயரை அறிந்த தீவினர், அமைதியான இரவொன்றில் அவ்வெண்ணிறக் கோட்டைப் பார்த்தபோது அதன் பொருளை எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை. ஒலி இல்லை, எழுத்து இல்லை, குற்றஞ்சாட்டுதலும் இல்லை. ஒரு கோடும் கடலுமே இருந்தன.

எண்பலகையும் பட்ட மரங்களும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மயாமி நகருக்கு அணித்தாகிய பைன்கிறெஸ்ற் என்னும் ஊரில், சேவியர் கொற்றாடா என்னும் கலைஞர் 2018 ஆம் ஆண்டில் வேறொரு வழியைக் கையாண்டார். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் அவ்வீடு கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை அடி உயரத்தில் உள்ளதோ அவ்வெண்ணை மட்டும் எழுதிய பலகையை நட்டுவைக்குமாறு அவர் ஊராரை வேண்டினார். வீட்டைக் காட்ட விருப்பமில்லாத எண் அது. வீடு விற்பவரும் வாங்குபவரும் பேசாத எண். அது முற்றத்திற்கு வந்தபின் அயலார் ஒருவரையொருவர் நோக்கி, “உமது எண் யாது?” எனக் கேட்க நேர்ந்தது. தெருச்சந்திகளிலும் மாணவர் அவ்வெண்களை வரைந்தனர். இங்குக் கலைஞர் தனித்து நிற்கவில்லை. ஊரே கலைப்பொருளைத் தாங்கிற்று.

2021 ஆம் ஆண்டில் மாயா லின் என்னும் அம்மையார் நியூயோர்க் நகரின் நடுவேயுள்ள மடிசன் சதுக்கப் பூங்காவில் 49 பட்ட மரங்களை நட்டு நிறுத்தினார். அவர் வாஷிங்டன் நகரிலுள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவரை வகுத்தவர். அம்மரங்கள் அயல் மாநிலமாகிய நியூ ஜேர்சியின் கடலோரக் காட்டுப் பகுதியினின்றும் கொணரப்பட்ட வெண்சீடர் மரங்கள். கடல்நீர் நிலத்தினுள் ஏறியதனால் அவ்வினக் காடுகள் வேரில் உப்புண்டு நின்றபடியே பட்டுப்போகின்றன. பசும்புல்லும் தழைத்த மரங்களும் சூழ்ந்த பூங்காவின் நடுவில் அவை இலையற்று நின்றன. கோடை முழுவதும் மக்கள் அவற்றின் அடியிலிருந்து உணவருந்தினர். சிறுவர் ஓடி விளையாடினர். வெள்ளமாக வந்து கவரும் கடலை முன்னைய கலைகள் காட்டின. வெள்ளமின்றி, ஓசையின்றி, மண்ணுக்குக் கீழே நுழையும் கடலை இது காட்டிற்று.

எதிர்வாதங்கள்

இக்கலைகளை ஏற்காதாரும் உளர். அவர்தம் வாதங்களை நேர்மையாக எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

முதல் வாதம் செலவைப் பற்றியது. கிறீன்லாந்துப் பனிக்கட்டியைக் குளிரூட்டிய பெட்டிகளிற் கப்பலேற்றிக் கொணர்தற்கு எரிபொருள் வேண்டும். வெப்பத்தைப் பழிப்பவரே வெப்பத்துக்குத் துணைபோகலாமா? இவ்வாதத்திற் பொருளுண்டு. பாரிஸ் காட்சியை நடத்தியோர் அதனை மறைக்காது கணித்து, ஏறத்தாழ 30 தொன் காபனீரொட்சைட்டுக்கு ஒப்பான வாயு வெளியாயிற்று என அறிவித்தனர். மாயா லின்னின் காட்சியோடு நகரின் பொதுவெளிகளில் ஆயிரம் மரஞ்செடிகள் நடப்பட்டன. கணக்குக் காட்டுதலும் ஈடுசெய்ய முயலுதலும் நன்றே. எனினும், ஒரு பொறியும் சில மூடைச் சுண்ணமும் கொண்டு செய்த முதற்கலையே நம் கருத்தில் மேலானது. சிக்கனத்தைக் கற்பிக்கும் கலை தானும் சிக்கனமாக இருத்தல் அழகு.

இரண்டாம் வாதம் அச்சத்தைப் பற்றியது. அச்சுறுத்தினால் மக்கள் கண்ணை மூடிக்கொள்வர் என்பர். அச்சம் மிகுந்து வழி தெரியாதவிடத்து அவ்வாறு நிகழ்தல் உண்மையே. ஆயின் நாம் கூறிய கலைகளுட் கூக்குரலிடுவது ஒன்றுமில்லை. நீர் 10 அடி ஏறும் என்றவர் 100 அடி எனக் கூறவில்லை. உள்ள அளவை உள்ளபடி காட்டினர். அளவைக் கூட்டிக் காட்டும் கலை ஒருநாட் கைதட்டல் பெறும். பின்னர், விஞ்ஞானத்தின் மேலும் மக்கள் ஐயங்கொள்ளச் செய்யும். ஆதலின் உண்மையளவு வழுவாமை இக்கலைக்கு முதல் இலக்கணம் என்போம். காண்பவனின் காலடியிலிருந்தே தொடங்குதல் இரண்டாவது. அவனைக் கேள்வி கேட்கச்செய்து, விடை கூற ஒருவர் அருகில் நிற்றல் மூன்றாவது.

மூன்றாம் வாதமே கடினமானது. கண்டதனால் வந்த பயன் யாது? நியூயோர்க் மக்கள் 2007 ஆம் ஆண்டிற் கோட்டைக் கண்டனர். 2012 ஆம் ஆண்டில் வெள்ளத்தையும் கண்டனர். இடையில் மதில் எழவில்லை. இதற்கு நாம் மழுப்பலாக விடை கூற விரும்பவில்லை. ஒரு கோடு கடலைத் தடுக்காது. மதில் கட்டுவோர் பொறியியலார். பணம் ஒதுக்குவோர் ஆட்சியாளர். புகையைக் குறைப்போர் நாம் அனைவரும். கலைஞரிடம் மதிலைக் கேட்பது, மணியடிப்பவனிடம் பாடம் நடத்துமாறு கேட்பதுபோலாகும். ஆனால் மணியடித்த பின்னும் வகுப்புக்குள் ஒருவரும் நுழையாவிடின் குற்றம் மணியினதன்று. மோஷரின் முயற்சி நியூயோர்க்கோடு முடிந்துவிடவுமில்லை. 2013 ஆம் ஆண்டில் மயாமியிலும் 2014 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிறிஸ்ரலிலும் அவ்வவ்வூர் மக்களே கூடிக் கோட்டை வரைந்தனர். கோட்டைப் பார்ப்பவன் மறக்கலாம். தன் கையாற் கோட்டை வரைந்தவன் எளிதில் மறவான். இதுவே இவ்வாராய்ச்சியில் நாம் கண்ட முடிபு.

நமக்குரிய பாடம்

நிற்க, இவையெல்லாம் பிறநாட்டுச் செய்திகள். நமக்கென்ன என வினவுவார்க்கு ஒன்று கூறுவோம். யாழ்ப்பாணக் குடாநாடு தாழ்ந்த சமநிலம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அதற்கில்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடே ஊறிச் சென்று, கீழேயுள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. நம் கிணறுகள் யாவும் அவ்வில்லையிலிருந்தே நீர் பெறுகின்றன. நன்னீர் உப்புநீரினும் சற்றே இலேசானது ஆதலின், கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றாற் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது அறிஞர் கண்ட கணக்கு. எனவே மேலே தோன்றும் சிறு குறைவு கீழே பெருங்குறைவாக முடியும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் ஊற்றுக்கு ஓய்விருந்தது. இயந்திரம் வந்தபின் அவ்வோய்வு குறைந்தது. மேலிருந்து நாம் மிகையாக இறைப்பதும் கடல் உயர்வதும் கூடினால் வில்லை மெலியும். மடிசன் சதுக்கத்திற் பட்டு நின்ற மரங்கள் காட்டிய கடல், நம் நிலத்துக்கு அடியிலும் இருக்கின்றது.

ஆதலின் நம் கல்லூரிச் சமூகத்தின்முன் ஓர் எளிய வேண்டுகோளை வைக்கின்றோம். வெளிநாட்டுப் பனிக்கட்டியோ விலையுயர்ந்த விளக்கோ இதற்கு வேண்டா. விஞ்ஞான மாணவர் மாதந்தோறும் கல்லூரிக் கிணற்றிலும் தத்தம் வீட்டுக் கிணற்றிலும் நீர்மட்டத்தைக் கயிறிட்டு அளந்து, நீரின் உப்பளவையும் கண்டு ஒரு பேரேட்டிற் பதிவு செய்க. ஆண்டுதோறும் மாரியின் உச்சத்திலும் கோடையின் இறுதியிலும் நீர் நின்ற மட்டத்தைக் கிணற்றின் உட்சுவரில் ஆண்டோடு குறித்து வைக்க. சித்திர மாணவர், நிலவளவையாளரின் உதவியோடு கல்லூரி நிலத்தின் உயரத்தைக் கண்டு, வாயில் தூணில் அவ்வெண்ணைத் தீட்டுக. பழைய மாணவர் தம் நினைவைத் தருக. 1964 ஆம் ஆண்டு டிசெம்பர்ச் சூறாவளி எதிர்க்கரையில் தனுக்கோடியை அழித்த நாளில் நம் கரையில் நீர் எங்கு நின்றது, 2004 ஆம் ஆண்டில் எதுவரை வந்தது என்பவற்றை அறிந்தோர் இன்னும் நம்மிடையே உளர். அவர் நினைவுகள் அவரோடு மறைதல் ஆகாது. அந்நினைவும் அவ்வளவும் ஒருங்கு சேர்ந்தால் அதுவே நம் கோடு.

திருவள்ளுவர் வருவதை முன்னறிந்து காத்துக்கொள்ளும் திறத்தை அறிவுடைமை என்னும் அதிகாரத்தினுள்ளே வைத்தார். வீரத்தினுள்ளோ செல்வத்தினுள்ளோ அவர் அதனை வைக்கவில்லை. கல்லூரி என்பது அறிவை வளர்க்கும் இடமாயின் அவ்வறிவின் இக்கூற்றையும் அது வளர்த்தல் வேண்டும்.

இன்றைய ஆறாம் வகுப்பு மாணவன் முதியவனாக இவ்வாயிலில் வந்து நிற்கும் நாளில், கிணற்றடிக்குச் சென்று உட்சுவரை எட்டிப் பார்ப்பானாக. ஆண்டுதோறும் மாணவர் கை இட்ட குறிகள் அங்கு வரிசையாக நிற்கும். நீர் எங்கு நிற்கும் என்பதை இன்று நாம் அறுதியிட்டுக் கூறல் இயலாது. அன்று அவன் ஒரு வாளி நீர் அள்ளி அருந்தும்போது அஃது இனித்திருக்கவேண்டும் என்பதே நம் வேட்கை. அதற்கு வேண்டும் முயற்சி இன்று நம் கையில் உள்ளது.